‘கட்டி வரலாம்’: எந்தக் குழந்தைக்கு, எப்போது, எவ்வளவு?

மும்பை பரேலில் ஒரு மருத்துவமனை, குழந்தைகள் பிரிவு, மழைக்காலத்து வியாழக்கிழமை. பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். தாராவி 90 அடிச் சாலைக்குப் பின்புறச் சந்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாவின் தோளில் ஐந்து மாதக் குழந்தை. ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல் சுற்றிவைத்த ஃபைல். எனக்கு இந்தியும் மராத்தியும் ஓரளவு வரும் என்பதால் இப்படி யாராவது துணைக்குக் கூப்பிடுவது வழக்கம்.

பேறுகாலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய், பெண் குழந்தை பெற்று, மூன்றாம் மாதம் மும்பை திரும்பியவர் அவர். குழந்தை அழும்போதெல்லாம் தொடையிடுக்கில் இருபுறமும் புடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. குடலிறக்கம் என்று அறுவை செய்யப் போனார்கள். அந்தப் பைக்குள் சினைப்பை தென்படவில்லை. விரை போன்ற ஒன்று இருந்தது. சர்ஜன் அதில் துளி திசுவைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, சுரப்பியை உள்ளேயே விட்டுத் தைத்துவிட்டார். ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தார்கள்: 46, எக்ஸ்-ஒய், அதாவது ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் அமைப்பு.

டாக்டர் இளையவர், பொறுமைசாலி. இந்தியில் நிதானமாகத்தான் சொன்னார். கடைசியில், பிற்காலத்தில் அந்தச் சுரப்பியில் ஏதாவது வளரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்றபோது அவர் சொன்ன சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘முடிச்சு’. நான் ‘கட்டி’ என்று மொழிபெயர்த்தேன்.

“கட்டி என்றால் உடைந்து சீழ் வருமே, அதுவா அண்ணாச்சி? இல்லை, அந்தக் கட்டியா?”

தமிழில் அந்த ஒரு சொல் கோடையில் முதுகில் வரும் வேனல் கட்டிக்கும் பொருந்தும். கர்ப்பப்பைக் கட்டிக்கும் பொருந்தும். புற்றுநோயைப் பெயர் சொல்லாமல் சொல்லவும் பொருந்தும். ‘சிறிதளவு வாய்ப்பு’ என்று டாக்டர் சொன்னதை நான் விடாமல்தான் சொன்னேன். ஆனால் கட்டி என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்ற எதுவும் அவர் காதில் ஏறவில்லை. “அப்படியென்றால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்” என்றார். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல அன்று எனக்குச் சரக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ‘பால் வளர்ச்சி வேறுபாடு’ என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. குரோமோசோம், உள்ளே இருக்கும் சுரப்பி, வெளியே தெரியும் உறுப்பு ஆகிய மூன்றும் வழக்கமான ஆண் அமைப்போடோ பெண் அமைப்போடோ ஒத்துப்போகாத பல நிலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்த தொகுப்புப் பெயர். 2005இல் சிகாகோவில் கூடிய வல்லுநர்கள் இந்தத் தொகுப்புப் பெயரை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு அறிக்கை வெளியானது. அதில் முதலில் ‘கோளாறு’ என்றுதான் இருந்தது. அந்தச் சொல் பலரைக் காயப்படுத்தியதால் இன்று ‘வேறுபாடு’ என்கிறோம்; இடைப்பால் என்ற சொல்லையே விரும்புகிறவர்களும் உண்டு. பெயர்ச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை நிலைகளை ஒரே பைக்குள் போட்டுக் குலுக்கி, ‘இந்தக் குழந்தைகளுக்குக் கட்டி அபாயம் உண்டு’ என்று சொல்வது, ‘மும்பையில் மழை பெய்யும்’ என்று சொல்வதைப் போன்றது. பொய்யில்லை, ஆனால் குடை எடுப்பதா, ரப்பர் செருப்புப் போடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அபாயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கருவின் ஆறாவது வாரம் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சுரப்பிதான். விரையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். விந்தாகவோ முட்டையாகவோ ஆகப்போகும் இனச்செல்கள் அங்கே பிறப்பதில்லை. கருவை ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையின் சுவரில் தோன்றி, ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சுரப்பிக்கு வந்து சேர்கின்றன. வரும்போது அவை எதுவாகவும் மாறக்கூடிய, வேகமாகப் பெருகக்கூடிய பச்சைச் செல்கள். ஒய் குரோமோசோமில் இருக்கும், 1990இல் அடையாளம் காணப்பட்ட ‘எஸ்ஆர்ஒய்’ மரபணு சரியான நேரத்தில் விழித்தால், செர்டோலி செல்கள் உருவாகி இந்தப் புதுவரவுகளைச் சூழ்ந்துகொள்கின்றன. இந்தச் செவிலிகளின் கையில் பச்சைச் செல்கள் மெல்ல முதிர்ந்து, எதுவாகவும் மாறும் குணத்தை இழந்து, விந்துக்கான பாதையில் போய்விடும். சினைப்பையிலும் இதேபோல் வேறொரு வளர்ப்பு நடக்கிறது.

செவிலி சரியாக அமையாத வீட்டில்தான் சிக்கல். சுரப்பி விரையாகவும் முழுமை பெறாமல் சினைப்பையாகவும் ஆகாமல் நடுவில் நின்றுபோனால், வந்து சேர்ந்த இனச்செல்களில் சில முதிராமலேயே தங்கிவிடுகின்றன. ‘ஆக்ட்-4’ என்ற புரதம் பச்சைச் செல்லின் அடையாளம். வழக்கமாகப் பிறந்த சில மாதங்களில் அது மறைந்துவிடும். இந்தச் செல்களில் மறையாமல் நிற்கும். இதோடு, ஒய் குரோமோசோமின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. கட்டி உண்டாக அது துணைபோகிறது என்று 1987இல் டேவிட் பேஜ் என்ற மரபியலாளர் கணித்தார். அங்கே இருக்கும் ‘டிஎஸ்பிஒய்’ என்ற மரபணுமேல்தான் இன்று சந்தேகம் அதிகம். செல்களைப் பெருகத் தூண்டுவது அதன் வேலை. விரையில் முதிர்ந்துவரும் செல்லுக்குள் அது ஒழுங்காக வேலை செய்யும். முதிராத செல்லுக்குள் சிக்கினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிறது.

ஆக, அபாயத்துக்கு இரண்டு வேண்டும்: முதிராமல் நின்ற இனச்செல், ஒய் குரோமோசோமின் அந்தத் துண்டு. இரண்டும் சேர்ந்த இடத்தில் இரண்டு விதமான முன்நிலைகள் உருவாகலாம். சுரப்பி ஓரளவு விரையாக வளர்ந்திருந்தால் குழாய்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் மாறிய செல்கள். டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபேக் 1972இல் கவனப்படுத்தியது இதைத்தான். சுரப்பி உருப்படாமலே போயிருந்தால் கொனாடோபிளாஸ்டோமா. 1953இல் ராபர்ட் ஸ்கல்லி விவரித்துப் பெயரிட்டது. இரண்டுமே தாமாகப் பரவுவதில்லை. ஆனால் அவற்றிலிருந்து செமினோமா, டிஸ்ஜெர்மினோமா போன்ற உண்மையான புற்று கிளம்ப முடியும்.

இந்த இடத்தில், கேட்காமலேயே பலருடைய தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பயத்தை அப்புறப்படுத்திவிடலாம். பிறக்கும்போதே உறுப்பின் தோற்றம் தெளிவாக இல்லாத குழந்தைகளில் அடிக்கடி காணப்படும் காரணம், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பிறவியிலேயே மிகையாக வளரும் நிலை. பெண்களுக்கு வழக்கமான 46, எக்ஸ்-எக்ஸ், உள்ளே முழுமையான சினைப்பை, கருப்பை. அட்ரினல் சுரக்கும் கூடுதல் ஆண் ஹார்மோனால் வெளித்தோற்றம் மட்டும் மாறியிருக்கிறது. ஒய் இல்லை, நின்றுபோன சுரப்பியும் இல்லை. இனச்செல் கட்டி அபாயத்தைப் பொறுத்தவரை இந்தப் பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போலத்தான். அவளுக்கு உள்ள ஆபத்தே வேறு: உப்பு வெளியேறும் வகையாக இருந்தால் பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வாந்தி, மயக்கம், உயிரிழப்பு. கட்டி பற்றிய பேச்சில் நாளைக் கடத்தாமல் சோடியம், பொட்டாசியம் பார்க்கவேண்டிய குழந்தை அது. இதே நிலை உள்ள பையன்களுக்குப் பிற்காலத்தில் இரு விரைகளிலும் சிறு உருண்டைகள் ஸ்கேனில் தெரியலாம். அவை வழிதவறி அங்கே தங்கிய அட்ரினல் திசு; புற்று அல்ல. சிகிச்சைக்குத் தரும் ஸ்டீராய்டு அளவைச் சரிசெய்தாலே பெரும்பாலும் சுருங்கும். அது தெரியாமல் புற்று என்று நினைத்து விரையையே எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இப்போது ஒய் இருக்கும் குழந்தைகளுக்கு வருவோம். இரண்டு எல்லைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மொத்த விஷயமும் பிடிபடும்.

ஒரு எல்லையில் தாராவிக் குழந்தை. முழுமையான ஆண் ஹார்மோன் ஏற்பின்மை என்பது அந்த நிலையின் பெயர். குரோமோசோம் எக்ஸ்-ஒய், சுரப்பி உருவான விதத்தில் நல்ல விரை. அது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் படிக்கும் ஏற்பி மட்டும் உடலில் வேலை செய்வதில்லை. ஆகவே வெளியே முழுமையான பெண். 20,000 முதல் 64,000 ஆண் குரோமோசோம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் தெரியவந்தால் பெரும்பாலும் குடலிறக்கம் வழியாகத்தான் தெரியும். குடலிறக்கம் வரும் பெண் குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் இந்த நிலையினர். இல்லையென்றால் 15, 16 வயதில் மார்பு வளர்ந்தும் மாதவிடாய் வரவில்லையே என்று அழைத்துவருவார்கள். இங்கே செவிலி செல்கள் ஒழுங்காக இருக்கின்றன. இனச்செல்களில் மிகப் பல முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே மறைந்தும் விடுகின்றன. அதனால் பருவமடையும் முன் கட்டி வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. வயது ஏற ஏறக் கூடுகிறது. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் அதிலும் பெரும்பகுதி முன்நிலைச் செல்கள். பரவும் புற்று அரிது.

மறு எல்லையில் ஸ்வையர் நோய்க்குறி. 1955இல் ஜெரால்டு ஸ்வையர் விவரித்தது. இதுவும் எக்ஸ்-ஒய், இவளும் வெளித்தோற்றத்தில் பெண், இவளையும் மாதவிடாய் வரவில்லை என்றுதான் டாக்டரிடம் கூட்டிவருவார்கள். ஃபைலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். உள்ளே போனால் தலைகீழ். இங்கே சுரப்பி எதுவாகவும் ஆகாமல் வெறும் நார்ப்பட்டையாக நின்றுவிட்டது, கருப்பை இருக்கிறது. ஒய் இருக்கிறது, செவிலி இல்லை, சுரப்பி வயிற்றின் வெப்பத்துக்குள் கிடக்கிறது. சிகாகோ அறிக்கையில் இந்த வகைக்கு இட்ட எண் 15 முதல் 35 சதவீதம். கட்டி பதின்ம வயதிலும் வரும், அதற்கு முன்பும் வரும்.

எண்ணை மட்டும் வைத்து இந்த இருவரையும் எடைபோடக் கூடாது என்பதுதான் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம். எடுத்தால் என்ன போகும் என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். ஸ்வையர் நிலையில் அந்த நார்ப்பட்டை எந்த ஹார்மோனும் சுரப்பதில்லை, முட்டையும் தருவதில்லை. எடுத்தால் இழப்பு என்று எதுவும் இல்லை, வைத்திருந்தால் ஆபத்து. ஆகவே தெரிந்தவுடன் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை எப்படியும் தேவை. கருப்பை இருப்பதால் தானமாகப் பெற்ற முட்டை மூலம் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. தாராவிக் குழந்தையின் கணக்கு வேறு. அவளுடைய சுரப்பி 12, 13 வயதில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். உடல் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மாத்திரை எதுவும் இல்லாமல் மார்பு வளரும், எலும்பு உறுதிப்படும். ஐந்து மாதத்தில் எடுத்துவிட்டால் பருவம் வருவதற்கே மாத்திரை, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் மாத்திரை. வருமானம் இருக்கும் மாதத்தில் வாங்கி, இல்லாத மாதத்தில் விட்டுவிடும் வீட்டில் அது முப்பது வயதில் எலும்பில் தெரியும். 1 சதவீதத்துக்கும் குறைவான ஒன்றுக்குப் பயந்து இவ்வளவையும் கொடுப்பதா? டாக்டர் அன்று தலையசைத்ததன் பொருள் இது.

இரண்டுக்கும் நடுவே இருப்பவைதான் கடினம். ஆண் ஹார்மோனை உடல் பாதியளவே ஏற்கும் நிலை. சுரப்பி ஒருபுறம் விரையாகவும் மறுபுறம் நார்ப்பட்டையாகவும் அமைந்த கலப்பு நிலை. டெஸ்டோஸ்டிரோனை உருவாக்கும் நொதிகளில் ஒன்று குறைந்த நிலை. இங்கே சுரப்பி கொஞ்சம் வேலை செய்கிறது, கொஞ்சம் அபாயமும் தருகிறது. ஒரே நிலையில்கூட, விரை வயிற்றுக்குள் இருக்கிறதா, கவட்டையில் இருக்கிறதா, விரைப்பைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஆணாக வளரும் குழந்தை என்றால், விரையைக் கீழே இறக்கித் தைத்து, தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பதே பெரிய பாதுகாப்பு. இது வேறுபாடு எதுவும் இல்லாத சாதாரணப் பையன்களுக்கும் பொருந்தும். விரை இறங்காத சுவீடன் ஆண்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 13 வயதுக்கு முன் இறக்கியவர்களுக்குப் புற்று வாய்ப்பு மற்ற ஆண்களைவிட 2.23 மடங்கு, 13க்குப் பிறகு இறக்கியவர்களுக்கு 5.40 மடங்கு. இப்போது 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் செய்துவிடச் சொல்கிறார்கள். ‘வளர வளரத் தானாக இறங்கிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வது முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும்.

இரண்டு எக்ஸில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத டர்னர் நோய்க்குறி உள்ள பெண்களில் ஒய் துண்டு உள்ள சிறு பங்கினரும் இந்தக் கணக்கில் வருவார்கள். அங்கே சுரப்பி பெரும்பாலும் வேலை செய்வதில்லை என்பதால் தராசு எடுக்கும் பக்கம்தான் சாயும்.

சுரப்பியும் சிறுநீரகமும் உருவாக வேண்டிய டபிள்யூடி-1 என்ற மரபணு பழுதானவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே முதலில் வரும் கட்டி சுரப்பியில் வராமல் சிறுநீரகத்தில் வரக்கூடும். அந்தப் பழுதால் வரும் டெனிஸ்-டிராஷ் நோய்க்குறியில் வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்று இரண்டு வயதுக்குள்ளேயே வந்துவிடலாம். துப்புக் கொடுப்பது மிகச் சாதாரணமான ஒன்று: சிறுநீரில் புரதம். உறுப்பு வேறுபாட்டோடு முகம், கால் வீங்கும் குழந்தைக்கு, சிறுநீரில் காகிதப் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் மலிவான சோதனை வழிகாட்டிவிடும். அதன் பிறகு சிறுநீரகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட்.

இனி அந்த சதவீதங்களைப் பற்றி. இணையத்தில் தேடும் எந்தப் பெற்றோரும் முதலில் போய் மோதுவது 2006இல் வெளியான அந்தச் சிகாகோ அறிக்கையின் அட்டவணையில்தான். 60, 50, 40, 28 என்று எண்கள் வரிசையாக நிற்கும். அதன் கடைசிப் பத்தியை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை பேரை வைத்துச் சொன்னது என்பது அங்கே இருக்கிறது. டெனிஸ்-டிராஷுக்கு 40 சதவீதம்: மொத்தம் 5 பேர். டெஸ்டோஸ்டிரோனை உருவாக்கும் 17-பீட்டா என்ற நொதியின் குறைபாட்டுக்கு 28 சதவீதம்: 7 பேர், அதாவது ஏழில் இருவர். விரை இறங்காத பாதி ஏற்பின்மைக்கு 50 சதவீதம்: 24 பேர். இவை பொய்யான எண்கள் அல்ல. அரிதான நிலைகளில் கையில் கிடைத்தது அவ்வளவுதான் என்பதை அறிக்கையே மறைக்காமல் எழுதியிருக்கிறது. ஆனால் ஏழில் இருவர் என்று கேட்கும்போது எழும் சந்தேகம், 28 சதவீதம் என்று கேட்கும்போது எழுவதில்லை. போதாததற்கு, பழைய ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏதோ தொந்தரவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள். தொந்தரவே இல்லாமல் வாழ்ந்தவர்கள் கணக்கில் விழவில்லை. அடங்கிக் கிடந்த முன்நிலைச் செல்லையும் பரவிய புற்றையும் ஒரே தலைப்பில் கூட்டிய ஆய்வுகளும் உண்டு. இரண்டு வகையிலும் எண் மேல்நோக்கித்தான் நகரும்.

அப்படியானால் எடுக்காமல் கண்காணிப்பது எளிதா என்றால், அதுவும் இல்லை. கண்காணிப்பை விரும்புகிறவர்கள் சிலர் இதை அடக்கி வாசிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அல்ட்ராசவுண்டில் முன்நிலைச் செல் தெரியாது. கொனாடோபிளாஸ்டோமாவில் சுண்ணாம்பு படிந்திருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். படியவில்லை என்றால் இல்லை. ரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி போன்ற குறிகாட்டிகள் கட்டி வந்த பிறகு உயரலாம். முன்நிலையில் பேசாமல் இருக்கும். வயிற்றுக்குள் ஆழத்தில் கிடக்கும் சுரப்பி ஸ்கேனில் சரியாகப் பிடிபடுவதே கடினம். உறுதியாகச் சொல்வது திசுச் சோதனை ஒன்றுதான். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: முதல் ஆண்டில் எடுத்த திசுவில் ‘ஆக்ட்-4’ சாயம் ஏறினால் அது கெட்ட செல்லாகவும் இருக்கலாம், முதிரச் சற்றுத் தாமதமாகும் நல்ல செல்லாகவும் இருக்கலாம். செல் குழாயின் நடுவில் மிதக்கிறதா, ஓரச் சவ்வில் ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இதை அடிக்கடி பார்த்துப் பழகிய நோயியல் நிபுணரின் கண் தேவை. அந்த வகையில் பரேல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1926இல் தொடங்கிய கே.இ.எம்., 1941இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை, வாடியா குழந்தைகள் மருத்துவமனை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. திசுவைப் பதித்து வைத்த கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்கி இரண்டாவது கருத்துப் பெறுவது நோயாளியின் உரிமை; அதில் சண்டை எதுவும் இல்லை, டாக்டரை அவமதிப்பதும் இல்லை.

மோசமான பக்கம் நேர்ந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. 1970களில் சிஸ்பிளாட்டின் மருந்து வந்த பிறகு இனச்செல் கட்டிகள் குணமாக்கக்கூடிய புற்றுகளின் முதல் வரிசைக்கு வந்துவிட்டன. டிஸ்ஜெர்மினோமாவை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் அதே மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். குணமாக்கலாம் என்பதற்காக நார்ப்பட்டையை உள்ளே விட்டுவைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. வெட்கத்தால் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. ‘கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று 19 வயது ஸ்வையர் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது, ஐந்து மாதக் குழந்தைக்கு உடனே எடுத்துவிடச் சொல்வதைப் போலவே தவறு.

சட்டம் இதில் எங்கே வருகிறது? தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். திருமணப் பதிவோடு நிற்காமல், இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலை மாற்றியமைக்கும் அறுவைகளைத் தடை செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விலக்கு. 2021 ஜனவரியில் டெல்லியின் குழந்தைகள் உரிமை ஆணையமும் இதே திசையில் டெல்லி அரசுக்குப் பரிந்துரை செய்தது. தமிழ்நாட்டு ஆணை மகாராஷ்டிரத்தில் செல்லாது. திருநெல்வேலியில் பிறந்து தாராவியில் வளரும் குழந்தைக்கு, ரயில் ஏறிய நாளோடு அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது.

‘உயிருக்கு ஆபத்து’ என்ற விலக்கின் வாசலில்தான் கட்டி என்ற சொல் மறுபடி வந்து நிற்கிறது. புற்று வரலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் எந்தச் சுரப்பியையும் எடுக்க அது அனுமதிச் சீட்டாகிவிடும். கடந்த காலத்தில் நடந்ததும் அதுதான். பெண்ணாக வளர்க்க முடிவு செய்த குழந்தையின் விரையை எடுக்க, பல நாடுகளில் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட காரணம் புற்று. சில குழந்தைகளுக்கு அது உண்மை. பலருக்கு, பெரியவர்களின் சங்கடத்துக்குப் போர்த்திய வெள்ளைக் கோட்டு. எந்தக் காரணம் என்று பிரித்தறியப் பெற்றோருக்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. நிலையின் பெயர் உறுதியாகிவிட்டதா, குழந்தையின் இந்த வயதில் வாய்ப்பு எவ்வளவு, அது முன்நிலையைச் சேர்த்த எண்ணா பரவிய புற்றின் எண்ணா, சுரப்பி ஏதாவது சுரக்கிறதா, காத்திருந்தால் எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேட்டாலே போதும். பெயரே உறுதியாகாத குழந்தைக்கு அறுவை நாள் மட்டும் உறுதியாகியிருந்தால், அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவோடு மறுபடி போனேன். திசுச் சோதனையில் வயதுக்கேற்ற விரைத் திசு; சந்தேகத்துக்கு இடமில்லை. ஏற்பி மரபணுச் சோதனையும் முழுமையான ஏற்பின்மையை உறுதி செய்திருந்தது. இந்த முறை டாக்டர் பேசப் பேச ஃபைல் அட்டையின் பின்புறத்தில் நான் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். ‘கட்டி’ என்று எழுதாமல் இருக்க முடியவில்லை. ‘இப்போது கட்டி எதுவும் இல்லை. சின்ன வயதில் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. சுரப்பி அவள் வளர்ச்சிக்குத் தேவை. பெரியவளான பிறகு அவளிடமே கேட்டு முடிவு. ஆறு மாதத்தில் ஸ்கேன்.’

அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். முதல் சொல்லில் நின்றார்.

“இந்த ‘இப்போது’ வேண்டுமா அண்ணாச்சி? என் மாமியார் மிச்சத்தை விட்டுவிட்டு இதைத்தான் பிடித்துக்கொள்வார்.”

டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, அது இருக்கத்தான் வேண்டும் என்றார். அந்த அம்மா என் பேனாவை வாங்கி, ‘மிக மிகக் குறைவு’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். வெளியே மழை விட்டிருக்கவில்லை.